காலை அறிவிப்பு

டொம்... டொம்... டொம்!

படுக்கையை ஒட்டிய சுவர் அதிர்ந்தது. அறிவிப்பாளர் போர்வைக்குள் இன்னும் சுருண்டுகொண்டார்.

அடுத்த வீட்டுக்காரிதான். வேறு யார்?

இந்தக் குடியிருப்புக்கு அவர் குடிவந்த நாளிலிருந்து அவள் முகம் கொடுத்துப் பேசியதில்லை. எதிரே பார்த்துச் சிரித்தால், சிரிப்பு அங்கே போய்ச் சேர்வதற்குள் கதவு மூடிக்கொள்ளும். 'கதவுசாத்தி' என்று மனதுக்குள் அவளுக்குப் பெயரே வைத்துவிட்டார்.

மனைவி இறந்த பிறகு சோறு இறங்காமல், தூக்கம் பிடிக்காமல் கிடந்தவருக்கு மனநல ஆலோசகர் ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்திருந்தார். தினமும் காலையில் நன்றி சொல்ல மூன்று விஷயங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். மனதுக்குள் முனகக் கூடாது. வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

வாய்விட்டு என்றால் அவருக்குத் தெரிந்தது ஒரே விதம்தான். ரயில் நிலைய ஒலிபெருக்கியில் பேசிப் பேசியே பழகிய வாய் அது.

"கனிவான கவனத்திற்கு! முதலாவது நன்றி, இரவெல்லாம் ஒழுகாமல் இருந்த சமையலறைக் குழாய்க்கு. இரண்டாவது நன்றி, தாமதமாக வந்து தூங்கவிட்ட குப்பை வண்டிக்கு. மூன்றாவது நன்றி, இன்னும் சற்று நேரத்தில் அறிவிக்கப்படும்!"

முதலில் அவருக்கே சிரிப்பு வந்தது. நாளாக ஆக, அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்து, பல் தேய்த்து, வேலைக்குப் போகவும் முடிந்தது.

நேற்று மாலைவரை.

பழைய போன் கைதவறிப் படிக்கட்டில் உருண்டது. அதற்குள்தான் மனைவியின் குரல் இருந்தது. வரும்போது சோப்பு வாங்கி வாருங்கள், போன தடவை மாதிரி ஒவ்வொன்றாக மோந்து பார்த்துக்கொண்டே நின்றுவிடாதீர்கள் என்று கடிந்துகொள்ளும் குரல். தினமும் ஒரு தடவையாவது கேட்டுவிடுவார்.

பழுது பார்ப்பவர் போனைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

இன்று எதற்கு நன்றி சொல்வது? விடிந்து வெகுநேரமாகியும் அவர் வாயே திறக்கவில்லை.

வேலைக்கும் போவதாக இல்லை. ஏற்கெனவே போட்ட மட்டமெல்லாம் போதாதென்று இன்னொரு நாளும் வராவிட்டால், பதிவுசெய்த குரலிடம் மைக்கை ஒப்படைத்துவிடுவதாக மேலதிகாரி சொல்லியிருந்தார்.

ஒப்படைக்கட்டும். இனி யாருக்கு வேண்டும் இந்தக் குரல்?

டொம்!

சுருக்கென்று கோபம் வந்தது. தொண்டை கிழியக் கத்திய நாளெல்லாம் சும்மா இருந்துவிட்டு, வாய் திறக்காத நாளில் வந்து இடிப்பதா?

மனசு எழுப்பாததைக் கோபம் எழுப்பியது. போர்வையை உதறினார். கலைந்த தலையும் வெறுங்காலுமாகப் போய் அடுத்த வீட்டு மணியை அழுத்தினார்.

கதவுசாத்தி வந்து நின்றாள். ஒரு கையில் கிண்ணம், மறுகையில் ஸ்பூன். அழுதிருக்கிறாள் என்பது கண்ணில் தெரிந்தது.

அதைப் பார்த்ததும் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. ஆனாலும் வந்த வேலையை முடிக்க வேண்டுமே.

"இங்க பாரும்மா, இன்னிக்கு நான் மூச்சுகூட விடல. இனிமேலும் என் சத்தம் வராது. சுவத்தை மட்டும் விட்டுடு, பாவம்!"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. முதல் தடவையாக அதை அகலத் திறந்தாள்.

உள்ளே, சுவரை ஒட்டிப் போட்ட கட்டிலில் ஒருவர் தலையணையில் சாய்ந்திருந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வேர்த்துக் கொட்டிய அந்த முகம் அறிவிப்பாளரைக் கண்டதும் மலர்ந்தது.

"இடிச்சது நான் இல்லண்ணா, எங்க வீட்டுக்காரர். பக்கவாதம் வந்ததுலேருந்து அந்தக் கையைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கன்னு கெஞ்சாத டாக்டர் இல்ல... இன்னிக்கு உங்க அறிவிப்பைக் காணோம்னதும் அவராவே தூக்கிட்டாரு."