மருத்துவச்சிக்கு விழுந்த ஒரு ஓட்டு

"வின்னி கில்மார்ட்டின், ஒன்று."

தேர்தல் அதிகாரி வாசித்ததும் ஸ்லைகோ நகர மண்டபமே கொல்லென்று சிரித்தது. டீலியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊரில் பாதிப் பேரை இந்த உலகத்துக்கு இழுத்துப்போட்ட மருத்துவச்சி வின்னி. துறைமுகச் சந்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய் வேண்டும் என்றுதான் நகரசபைக்கு நின்றாள். அவளுக்கு ஒரே ஒரு ஓட்டு!

"வெக்கமா இல்ல உங்களுக்கு?" டீலியா கத்தினாள். "அயர்லாந்துலயே முதல் தடவையா நம்ம ஊர்லதான் இந்த நம்பர் ஓட்டு. அவ வீடு வீடா வந்து படிச்சுப் படிச்சு சொன்னாளே! 'எனக்கு ஒண்ணு போட்டு, உங்க ஆளுக்கு ரெண்டு போடுங்க. நான் தோத்தா அந்த ஓட்டு அவருக்கே போயிடும், வீணாகாது'ன்னு. எல்லாரும் சரின்னுட்டு, அதுக்கும் கை வரலையா?"

"அந்த ஒரு ஓட்டு நான் போட்டதும்மா" என்றார் ரொட்டிக்கடை டூலன்.

"இல்ல, நான் போட்டது" என்றான் மீன்கார மிக்.

"ஏன்யா, ஒரு ஓட்டை எத்தனை பேரு சேர்ந்து போட்டீங்க? டூலன், உங்க வீட்டு ரெட்டைப் பிள்ளைங்க தலைகீழா வந்தப்ப, யாருய்யா காப்பாத்திக் கொடுத்தது?"

டூலன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவளே போட்டுக்கிட்டிருப்பா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மறுபடி சிரிப்பு. நன்றி கெட்ட ஜென்மங்கள்!

எல்லாரையும்விடக் குறைந்த ஓட்டு என்பதால் வின்னி போட்டியிலிருந்து நீக்கப்பட்டாள். அதிகாரி அந்த ஒற்றைச் சீட்டைப் பிரித்து, இரண்டாவது பெயரை வாசித்தார்.

"பார்ட்லி ஃபீனி."

பார்ட்லி, டீலியாவின் புருஷன். மூட்டை தூக்கும் தொழிலாளி; அவனும் நகரசபைக்கு நின்றிருந்தான். மாலைக்குள் அவனுக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது. கூட்டாளிகள் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். டீலியாவுக்கு மட்டும் ஆத்திரம் தீரவில்லை.

எல்லாவற்றையும் வாசலில் நின்றே கேட்டிருந்த வின்னி அங்கேயே காத்திருந்தாள். டீலியாவைப் பார்த்ததும் இறுகக் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு நானே போட்டுக்கக் கூச்சமா இருந்துச்சுடி. பார்ட்லிக்குத்தான் போட்டேன். அப்ப அந்த ஒண்ணு யாரோடதுன்னு மண்டைய உடைச்சுக்கிட்டேன். ரெண்டாவதா உன் புருஷன் பேரை வாசிச்சாங்க பாரு, அப்பவே புரிஞ்சுபோச்சு. எனக்காக நீ ஒருத்திதானே அங்க சண்டை போட்டே! சொன்ன சொல்லைக் காப்பாத்தினவ நீ ஒருத்திதான்டி."



நேற்று ஓட்டுச் சீட்டை வாங்கியதும் டீலியா தன் புருஷன் பெயருக்கு நேரே ஒன்று போட்டாள். 'வின்னிக்குத்தான் ஊரே போடுமே' என்று நினைத்தாள். அப்படியே மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டாள்.

"வின்னி அக்கா, நான் வந்து..." என்று ஆரம்பித்தாள்.

பின்னால் வந்து நின்ற பார்ட்லி அவள் கையை அழுத்தினான்.

"சும்மா இரு" என்றான் காதோடு. "நான் போட்டது நீ போட்டதாவே இருக்கட்டும்."