முப்பது கிலோ

"முப்பது கிலோதான் விடுவோம், ஏழு கிலோ அதிகமா இருக்கும்மா. எதையாவது எடுத்துடுங்க," என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.

உஜ்தா விமான நிலையத்தில் பிரஸ்ஸல்ஸ் போகிற வரிசை வாசல் வரைக்கும் நின்றது. மஹ்ஜூபா பெட்டியைக் கீழே இறக்கி, ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். ஐம்பத்தாறு வயது. உட்காரும்போதே முழங்கால் முனகியது.

வழியனுப்ப வந்த தங்கை யாமினா நின்றபடியே ஆரம்பித்தாள். "அந்தத் தூக்குவாளியை வெளிய எடு. அதுவே அஞ்சு கிலோ இருக்கும்."

"அது ஸெல்லு. பிள்ளை பெத்தவ வேற எதைத் தின்னு தேறுவா?"

மாவு வறுத்து, பாதாமும் எள்ளும் இடித்து, தேன் விட்டுப் பிசைந்தது. மூன்று நாள் வேலை. இன்னும் தோள்பட்டை வலித்தது.

"அவ தேறினா என்ன, தேறாட்டி என்ன? உன்னைக் கூப்பிட்டாளா அவ?"

"கூப்பிடல. எந்த வாயால கூப்பிடுவா?"

"தெரியுதுல்ல? நமக்கெல்லாம் தெரியாம நிக்காஹ் முடிச்சுக்கிட்டவ! அவளால நீ அழுத அழுகையை நான் பார்த்தேன். அவ பக்கத்து வீட்டுக்காரி யாரோ போன் பண்ணி, 'ஆளில்லாம தனியா கிடக்கிறா'ன்னாளாம். உடனே நீ மூட்டையைக் கட்டிட்டே!"

மஹ்ஜூபா பெட்டிக்குள் கையை விட்டாள். வெந்தயப் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்து அங்கேயே வைத்தாள். நெய் ஜாடியையும் அப்படியே விட்டாள். தன் குளிர் கோட்டை எடுத்துத் தங்கை கையில் கொடுத்தாள். பிறகு இரண்டு அங்கி, கம்பளிச் சால்வை, ஒரு ஜோடி பூட்ஸ்.

"அடிப்பாவி, அங்க பனி கொட்டுது! நீ எதைப் போத்திப்பே?"

"அவ வீட்டுல இருக்கிறதைப் போத்திக்கிறேன்."

"முதல்ல வீட்டுக்குள்ள விடுவாளா உன்னை?"

"விடலைன்னா பெட்டியை வாசல்ல வச்சுட்டுத் திரும்பிடறேன். போதுமா?"

யாமினாவின் குரல் இறங்கியது. "அக்கா, அவர் போய் நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்து முடிச்சு, வெள்ளையைக் கழட்டி இன்னும் ஒரு வாரம்கூட ஆகல. நீயே படுக்கையில கிடக்க வேண்டியவ."

"படுத்தா மட்டும் தூக்கம் வருதாக்கும்."

யாமினா கோட்டை மடித்துக் கைக்குள் இடுக்கிக்கொண்டாள். அக்காள் புருஷன் இத்ரீஸ் இருபத்தைந்து வருடம் பிரஸ்ஸல்ஸில் வேலை பார்த்தவர். நோயில் படுத்த அவரைப் போய்ப் பார்ப்பதற்காகத்தான் மஹ்ஜூபா விசாவுக்கு எழுதிப் போட்டாள். விசா வந்த வாரமே அவரும் வந்தார், பெட்டிக்குள். இப்போது அதே விசாவில்தான் பயணம்.

மறுபடி எடை போட்டபோதும் அரைக் கிலோ கூடத்தான் இருந்தது. கவுன்டர் பெண் வெந்தய வாசனையை இழுத்துவிட்டு, "பிரசவத்துக்கா? போங்கம்மா, நல்லபடியா பாருங்க," என்று சீட்டை ஒட்டினாள்.

விமானத்தில் மூன்று மணி நேரம் மஹ்ஜூபா கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள். தூங்கவில்லை.

பிரஸ்ஸல்ஸில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னான். ஊர்க்கார முகம். அங்கேயே பிறந்து வளர்ந்தவன் போல, அரபியைத் தட்டித் தடவிப் பேசினான்.

"அம்மா, நெய்யை விட முடியாது. பால் சாமான், இறைச்சி எதுவும் வெளிநாட்டிலிருந்து வரக்கூடாது."

"ஒரு வருஷம் பாதுகாத்து வச்ச நெய்யப்பா. பிள்ளை பெத்த வயித்துக்கு."

"சட்டம்மா. நான் என்ன பண்ண?"

ஜாடி தொட்டிக்குள் விழுந்த சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். கோபம்கூட வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும் அல்லவா?

அவன் அடுத்ததாகத் தூக்கைத் திறந்தான். முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான்.

"எங்கம்மாவும் செய்வாங்க," என்று மூடியை அழுத்திப் போட்டான். "மகளுக்கா?"

"பெட்டியைக் கட்டிக்கட்டுமாப்பா?"

"கட்டுங்க. கொடுத்து வச்சவ."

வெளியே வாடகைக் காரில் ஏறி, பக்கத்து வீட்டுக்காரி போனில் சொன்ன விலாசத்தைக் காட்டினாள். ஜன்னலுக்கு வெளியே மாலை வெளிச்சம் சாம்பலாக இருந்தது. பல்லுக்குப் பல் அடித்தது. காரோட்டி திரும்பிப் பார்த்துவிட்டு, கேட்காமலே சூட்டைக் கூட்டி வைத்தான்.

மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. ஒவ்வொரு படியாகப் பெட்டியை ஏற்றி, அதன் மேலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கி, மறுபடி ஏற்றினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. பசி அழுகை. அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள். திரும்பிப் போய்விடலாமா என்ற நினைப்பு, வழியெல்லாம் வராதது, அப்போதுதான் வந்தது.

அழுகை நிற்கவில்லை. அவள் ஏறினாள்.

கதவைத் தட்டினாள். திறந்தவளுக்கு முப்பது வயது இருக்கும். உதடு வெளுத்து, கண் குழிக்குள் போய், நிற்கவே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தோளில் கிடந்த குழந்தை வீறிட்டது. வந்திருப்பவளை அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு நீங்க?"

மஹ்ஜூபா இரண்டு கையையும் நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"நான் மஹ்ஜூபா. உன் புருஷனோட மூத்த சம்சாரம். பச்சை உடம்போட வாசல் காத்துல நிக்காதே, உள்ள போ."