புட்டித் தண்ணீர்

சாயப்பட்டறைக் கழிவு தன் கிணற்றில் ஊறுகிறது என்று சரசாள் இரண்டு வருடமாகச் சொல்லிவந்தாள். யாரும் நம்பவில்லை. கடைசியில் ஆய்வுக்கூடத்துப் பெண் ஒருத்தி வந்து, பட்டறையின் கழிவுத்தொட்டியில் கொஞ்சம் கதிரியக்க மருந்தைக் கலந்துவிட்டுப் போனாள். அது எந்தக் கிணற்றுக்கு வந்து சேர்ந்தாலும், எவ்வளவு சொற்பமானாலும், கதிர்களை எண்ணும் கருவி காட்டிக்கொடுத்துவிடும். காட்டிவிட்டால் பட்டறைக்குப் பூட்டு. இருபதாம் நாள் அவரவர் கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் கொண்டுவரச் சொன்னார்கள். சரசாளின் புட்டியை அவள் கணவன் பொன்னையன் மொண்டு வந்து கொடுத்தான்.

கருவி வெகுநேரம் எண்ணியது.

"ஒண்ணுமே இல்லீங்கக்கா. உங்க கிணறு சுத்தமா இருக்குது," என்றாள் ஆய்வுக்கூடத்துப் பெண்.

"அம்மிணிக்குக் கனவுலயும் சாயந்தான் வரும்," என்றார் பட்டறைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். பொன்னையனும் சிரித்தான்.

சரசாள் மிச்சத் தண்ணீர் இருந்த புட்டியைக் கேட்டு வாங்கினாள். மூடியை இறுக்கிப் பலமாகக் குலுக்கினாள். அவள் கிணற்றுத் தண்ணீரை ஒரு குலுக்குக் குலுக்கினால் கழுத்துவரை நுரை ஏறும். இதில் ஒரு குமிழிகூட நிற்கவில்லை.

"ஏனுங்க, இது யாரூட்டுக் கிணத்துத் தண்ணிங்க?"

பொன்னையன் அவள் பக்கம் திரும்பவில்லை. பட்டறைக்காரரின் முகத்தைப் பார்த்தான்.