பூட்டுப் போட்ட மெசேஜ்

"ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை வாசிக்கக் கூடாது. நான் ஃபாதர்கிட்ட சொல்லத்தான் போறேன்!"

ஆட்ரி கைப்பையை நாற்காலியில் வீசினாள். காப்பியை வாய்க்குக் கொண்டுபோன கேப்ரியல் அப்படியே கீழே வைத்துவிட்டார். தங்கச்சி வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டாள். புருஷன் தவறியதிலிருந்து ஜெபக்கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. "கையில போன் இருந்தா சாத்தான் பக்கத்துல இருக்கான்" என்று பிள்ளைகளை விரட்டுகிறவள்.

"என்னலா ஆச்சு? ரெண்டு வாரம் கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சாச்சு. ஒருத்தரும் ஆட்சேபணை சொல்லலையே?"

"யாரும் சொல்லல. பொண்ணுக்கு அத்தை, நான் சொல்றேன். உங்க மருமகன் யோக்கியதையைப் பாருங்க அண்ணே!"

போனை நீட்டினாள். ஏதோ ஒரு டேட்டிங் சைட். 'சும்மா சேரலாம், சும்மா பேசலாம்' என்று மேலே கொட்டை எழுத்தில். கீழே மாப்பிள்ளை மார்கஸின் சிரித்த முகம். பக்கத்தில் ஒரு பூட்டுப் படம்: 'இவர் உங்களுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறார்.'

எட்டிப் பார்த்த மகள் ஜோஆன், "அலமாக்!" என்று அதிர்ந்தாள். அப்புறம் மெதுவாக, "என்னைத் தெரியறதுக்கு முன்னாடி சேர்ந்ததா இருக்கும் அத்தை" என்றாள்.

"தேதியைப் பாரு! நீங்க ரெண்டு பேரும் தங்காக் டவுனுக்குக் கல்யாணத் துணி எடுக்கப் போன வாரம்!"

ஜோஆன் முகம் சுண்டிப்போனது.

"உனக்கு இது எப்படிக் கிடைச்சது?" என்றார் கேப்ரியல்.

"எங்க ஆபீஸ்ல ஒருத்தி. பாவம், தனியா இருக்கறவ. அவளுக்கு அனுப்பியிருக்கான் இந்த மகராசன்."

"என்னன்னு எழுதியிருக்கான்?"

"படிக்கணும்னா காசு கட்டணுமாம். அனுப்புறது சும்மா, வந்ததைத் திறக்க கார்டு நம்பர் கேக்குறானுங்க. எல்லா சைட்டும் இப்படித்தானாம். சுத்த ஏமாத்து!"

"பார்க்கும்போதெல்லாம் அவரு போன் என் கையிலதான் இருக்கும் அத்தை. வாட்ஸ்அப் எல்லாம் நானே பார்ப்பேன்."

"அதான் வேற இடத்துல போய்ப் பேசறான்! போன் கடைக்காரனுக்கு இதெல்லாம் சொல்லித் தரணுமா? அன்னைக்கு என் போன்ல சத்தம் வரலைன்னு குடுத்தேன். சரி பண்ணித் திருப்பித் தரும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்ல. அப்பவே எனக்குப் பொறி தட்டிச்சு."

ஜோஆன் போன் போட்டாள். மார்கஸ் தம்போயில் இருக்கும் தன் போன் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தான்.

"இது நீங்கதானா?"

அவன் படத்தைப் பார்த்தான். ஆட்ரியைப் பார்த்தான்.

"நான்தான்."

"யாருக்கு அனுப்பினீங்க?"

"சொல்ல முடியாது ஜோ."

"சரி. அதைத் திறந்து காட்டுங்க."

"அதுவும் முடியாது."

"கேட்டியா!" ஆட்ரி கையைத் தட்டினாள். "மடியில கனம் இல்லாதவனுக்கு வழியில என்ன பயம்?"

ஜோஆன் நிச்சய மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். அழுகையை அடக்க முடியவில்லை. "அப்ப ஓலை வேணாம்ப்பா. எல்லாத்தையும் நிறுத்திடுங்க."

மார்கஸுக்கும் கண் கலங்கிவிட்டது. "சத்தியமா நான் தப்புப் பண்ணல ஜோ. ஆனா இது இன்னொருத்தங்க மானம். அதை நடு வீட்டுல போட்டு உடைக்க எனக்கு மனசு வரல."

"நான் பெரியவன், என்கிட்டக் காட்டலாமே தம்பி?" என்றார் கேப்ரியல். அவர் குரலில் கோபத்தைவிடக் கெஞ்சல்தான் அதிகம்.

"மன்னிச்சிருங்க அங்கிள்." ஆட்ரி பக்கம் திரும்பினான். "ஆன்ட்டி மட்டும் வேணும்னா பார்க்கட்டும். அவங்கதானே குத்தம் சொல்றாங்க."

"குடு இங்க! சத்தமாவே படிக்கிறேன், எல்லாரும் கேக்கட்டும்!"

மார்கஸ் தன் போனில் அந்த மெசேஜைத் திறந்தான்; ஆட்ரி அதைப் பிடுங்கினாள். கண்ணாடியை மாட்டினாள். தொண்டையைக் கூடச் செருமிக்கொண்டாள்.

சத்தம் வரவில்லை.

மேலிருந்து கீழே படித்தாள். மறுபடியும் மேலே போனாள். நாற்காலியில் இருந்த கைப்பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"படிங்க அத்தை! எவளுக்கு எழுதியிருக்காரு?"

ஆட்ரி மார்கஸைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்லடி. யாரோ ஒருத்தி ஏமாறப் போறா. அவளுக்கு நல்ல புத்தி சொல்லியிருக்கான். எனக்குத்தான் வாய் நீளம்."

எழுந்து வந்து, மோதிரத்தைத் தன் கையாலேயே ஜோஆன் விரலில் போட்டுவிட்டாள்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கட்டும். முன் பெஞ்சுல நான் உட்கார்ந்திருப்பேன்."

"இவ்வளவு நேரம் குதிச்சியே ஆட்ரி..." என்று ஆரம்பித்த கேப்ரியல், தங்கச்சி முகத்தைப் பார்த்துவிட்டு ஆறிய காப்பியைக் குடிக்கப் போனார்.

ஆட்ரி போனை மார்கஸின் உள்ளங்கையில் வைத்து, தன் இரண்டு கையாலும் மூடினாள். மூடியபோதும் அந்த மெசேஜ் திறந்தேதான் இருந்தது.

'ஆன்ட்டி, நான் மார்கஸ். வாட்ஸ்அப்ல போட்டா ஜோ பார்த்துடுவான்னு இங்க எழுதறேன், நீங்க நம்பணும்னுதான் என் படத்தையே போட்டிருக்கேன். உங்க போனைச் சரி பண்றப்போ நீங்க இந்த சைட்ல இருக்கறது தெரியாம கண்ணுல பட்டுச்சு. உங்ககூட பேசற அந்தக் கப்பல் கேப்டன் பொய்யான ஆளு, பார்சல் வருதுன்னு சொல்லிக் காசு கேப்பான், அனுப்பிடாதீங்க. மத்தபடி, துணை தேடறதுல ஒரு தப்பும் இல்ல ஆன்ட்டி.'