பக்கெட்டில் ஒரு ஜோடி

"மீனுங்க ரெண்டும் உசுரோட வந்து சேரணும் நைனா. செத்துகித்துப் போச்சுன்னா என் மானமே போயிடும்" என்றாள் மதிவதனி, போனைக் காதோடு அழுத்தியபடி.

"நான் கீறேன் இல்ல, நீ இன்னாத்துக்குப் பதர்ற? ஏரிக்கரையாண்ட வந்துட்டேன். பக்கெட்டுத் தண்ணிதான் தளும்பித் தளும்பிக் கொட்டிகினே..."

அதோடு லைன் அறுந்தது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் கிடைக்கவில்லை.

மதிவதனிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆவடிப் பக்கத்துக் கல்லூரியில் விலங்கியல் முதுகலை, கடைசி வருடம். வெளியிலிருந்து வந்து நம் ஏரி குளங்களை வளைத்துப் போடும் உயிரினங்களைப் பற்றி அன்று துறையில் கருத்தரங்கு. காலையில் மாணவர்கள் பேச வேண்டும். மதியம், வேலைக்குத் தயாராவது எப்படி என்று கோமளா மேடம் வகுப்பெடுப்பார். ஏரிகளைக் கவனித்துக்கொள்ளும் ஒரு நிறுவனத்தை நடத்துகிறவர். நன்றாகப் பேசுகிற ஒருவருக்கு அன்றைக்கே வேலை என்றும் சொல்லியனுப்பியிருந்தார்.

அந்த வேலை அவளுக்கு வேண்டும். அப்பா வேம்புலி ஒரு கம்பெனி வாசலில் இரவுக் காவலுக்கு நின்று நின்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இது கிடைத்தால் மனுஷனை வீட்டில் உட்கார வைத்துவிடலாம்.

லேப்டாப்பும் சுருட்டிய படங்களுமாக விடிகாலை ரயிலில் தொற்றிக்கொள்ள வேண்டியிருந்ததால், பக்கெட்டை அவர் தலையில் கட்டிவிட்டு வந்திருந்தாள். உள்ளே டேங்க் கிளீனர் மீன் ஒரு ஜோடி. கண்ணாடித் தொட்டியில் பாசியைத் தின்னும் என்று கடையில் ஆசையாக வாங்குவார்களே, அந்தக் கரடுமுரடான கறுப்பு மீன். ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் கோமளா மேடம் அசந்துபோவார் என்று அம்பத்தூரில் ஒரு வலைக்காரரிடம் கெஞ்சி வாங்கி, வீட்டில் பெரிய டப்பில் விட்டிருந்தாள்.

அரங்கில் அவள் கண் வாசலிலேயே கிடந்தது. அவள் பெயரை அழைக்கிற நேரத்தில் ஜாபஸ் குனிந்தபடி வந்தான். கூடப் படிக்கிறவன், அவள் போன் கிடைக்காவிட்டால் வேம்புலி அவனுக்குத்தான் அடிப்பார்.

"உங்கப்பா பேசினாரு மதி. ரயிலுக்கு நிக்கிறாராம். மீனுக்கு ஒண்ணும் ஆவல, ரெண்டும் ஜோரா கீது, நீ பயப்படாம பேசுன்னு சொல்லச் சொன்னாரு."

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. அந்தத் தெம்பில் மேடை ஏறினாள்.

மீன் வந்துகொண்டிருக்கிறது, அதுவரை படத்தைப் பாருங்கள் என்று ஆரம்பித்தவள் அப்புறம் நிற்கவேயில்லை. தண்ணீர் இல்லாமல் அரை நாள் கிடந்தாலும் இது சாகாது. செத்ததுபோல அசையாமல் கிடக்கும், தண்ணீர் பட்டதும் எடுக்கும் ஓட்டம் என்றாள். கரையைக் குடைந்து முட்டையிட்டு, விராலையும் கெண்டையையும் பட்டினி போட்டுத் துரத்திவிடும் என்றாள். தான் பார்த்த ஏரிகளில் எல்லாம் இது புகுந்தாயிற்று, திருநின்றவூரில் தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வெள்ளேரியில் மட்டும்தான் இன்னும் ஒன்றுகூட இல்லை என்று முடித்தாள். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

மதியம் கோமளா மேடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். வாசலைப் பார்க்காமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"ஊர் ஜனங்களுக்குப் புரிய வைக்கிறதுதாம்மா இந்த வேலையில பாதி. முதல்ல உங்க வீட்ல இதையெல்லாம் சொல்லியிருக்கியா?"

காலேஜ் மீனு, கைய வெக்காத என்பதற்கு மேல் வீட்டில் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்பாவுக்கு எங்கே இதெல்லாம் புரியப்போகிறது என்ற நினைப்புதான். ஆனால் எந்தக் கேள்விக்கும் தயங்கக் கூடாது என்று சற்று முன்தான் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"எங்க வீட்ல எல்லாருக்கும் அத்துப்படி மேடம்."

கோமளா மேடம் எழுந்து கைகொடுத்தார். "அப்ப வெள்ளேரி இனிமே உன் பொறுப்பு. அதுல இந்த மீன் ஒண்ணுகூட நுழையாமப் பாத்துக்கிறதுதான் உன் வேலை. திங்கட்கிழமை வந்து சேந்துடு."

கால் தரையில் பாவாமல் அவள் ஓடிவந்தபோது வேம்புலி உள்ளே வரக் கூச்சப்பட்டு, வெகுநேரமாகக் கல்லூரி வாசலிலேயே வேர்வையில் நனைந்து நின்றுகொண்டிருந்தார். ராத்திரி முழுக்கக் காவல் நின்ற கண் சிவந்திருந்தது. அவரைக் கட்டிக்கொண்டு வேலை கிடைத்ததைச் சொன்னாள். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம்தான் அவர் கையிலிருந்த பக்கெட்டைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது.

"மீனு எங்க நைனா?"

"கோச்சிக்காத கண்ணு. கரையாண்டயே பக்கெட்டுத் தண்ணி மொத்தமும் கொட்டிப்பூட்ச்சி. ரெண்டும் அசையாமக் கெடந்துதுங்க. நீதான உசுரோட இருக்கணும்ன, அதான் நம்ம வெள்ளேரில உட்டுட்டேன். தண்ணி பட்டதுதான் தாமசம், ஜோடியா இன்னா ஓட்டம் ஓடிச்சுங்க தெரியுமா?"