லொறிக்கு முன்னால் கையகல இடம்

"ரீச்சர், இந்தத் துணி ஒட்டுப்படுதில்லை" என்று கீர்த்தனி கூப்பிட்டாள்.

சுலோஜனா எழுந்து போனாள்.

காக்கிச் சட்டையொன்றின் முதுகுப் பக்கத்தில் வெட்டிய லொறி. ஹார்ட்போட் பலகையின் நடுவில் பாதி ஒட்டியும் பாதி கிளம்பியும் நின்றது. தடித்த துணி.

சனிக்கிழமை காலைகளில் ஆறு பெண்கள் அந்த அறைக்கு வருவார்கள். துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் பழைய பண்டகசாலை ஒன்றின் மேல்மாடி. சுலோஜனா தன் படங்களையும் அங்கேதான் செய்தாள். வலைத் துண்டு, சாக்கு, கடல்மணல், துருப்பிடித்த தகரம், அவற்றின் மேல் நிறம்.

அதெல்லாம் முன்பு. சுவரோரம் சாய்ந்திருந்த பெரிய பலகையில் பதினான்கு மாதமாக வெள்ளைப் பூச்சு மட்டும்தான் இருந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் அதற்கு முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டு, முடிந்த வேலையா என்று கேட்டார். ஓம் என்றாள். இல்லையென்று சொன்னால் மேலே பேச வேண்டிவரும்.

வகுப்பை மட்டும் அவள் விடவில்லை. படிப்பிக்கும்போது வாய் தன்பாட்டில் பேசும், கை தன்பாட்டில் காட்டும். அவள் அங்கே இருக்கத் தேவையில்லை.

கீர்த்தனி சேர்ந்து ஆறு கிழமை. கந்தளாய்க்காரி. கணவனுக்குச் சீனன்குடாவில் காவல் வேலை கிடைத்ததால் இங்கே வாடகை வீட்டுக்கு வந்திருந்தார்கள். முதல் நாள் அவள் நிரப்பித் தந்த படிவத்தில், கணவன் பெயர் இருந்த வரியைச் சுலோஜனா இரண்டு தரம் வாசித்தாள். பிறகு, அங்கே நல்ல காற்று வரும் என்று ஜன்னலோரக் கதிரையைக் காட்டினாள்.

ஒவ்வொரு கிழமையும் அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் போய் நிற்கும்போது ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தாள். கோபமாவது வரும் என்று நினைத்தாள். ஒன்றும் வரவில்லை.

இன்றைய பாடம், வீட்டில் இனி யாரும் உடுத்தாத துணி ஒன்றைக் கொண்டுவந்து படமாக்குவது.

"பசையில கொஞ்சம் தண்ணி விட்டு ஊறவிடுங்கோ. தடிச்ச துணி நல்லாக் குடிச்சால்தான் பிடிக்கும்."

சொல்லிக்கொண்டே லொறியை உரித்து எடுத்தாள். நனைத்தாள், பிழிந்தாள், திரும்பவும் பதித்தாள். நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் நீவினாள். உள்ளே நின்ற காற்று சின்னச் சின்னக் குமிழிகளாக வெளியேறியது.

கீர்த்தனி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினாள்.

"இவர் இப்ப லொறி ஓடுறதில்லை, ரீச்சர். போன வருசம் கந்தளாய் றோட்டில ஒரு பிள்ளை ஸ்கூட்டியில வந்து அடிபட்டுச் செத்துட்டா. இவரில பிழையில்லையெண்டுதான் எல்லாரும் சொல்லுறாங்கள். இவர்தான் அதை ஏற்கிறாரில்லை."

மற்ற மேசைகளில் கத்தரிக்கோல்கள் நின்றன.

வகுப்பிலேயே பெரிய குரல் சுபைதாவுடையது. அவள் சட்டென்று எழுந்து, "ரீச்சர், தேத்தண்ணி ஊத்தட்டா?" என்றாள். பிளாஸ்க்கின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

கீர்த்தனி இதை ஒன்றையும் கவனிக்கவில்லை. "சாப்பிடுவார், வேலைக்குப் போவார், வருவார். கதையில்லை. இந்தச் சட்டையை எறியச் சொன்னவர். எனக்கு எறிய ஏலாமப் போச்சு."

சுலோஜனா லொறியின் முன் சில்லை அழுத்திப் பிடித்திருந்தாள். விரல் நுனிகளில் பசை காய்ந்து இன்னொரு தோலாகியிருந்தது. அதற்குக் கீழே இருப்பது துணியா பலகையா என்று அவளுக்குத் தெரியவில்லை. வெளியே கடற்படைப் படகொன்று குடாவைக் குறுக்கறுத்துப் போனது. அதன் சத்தம் அடங்கும்வரை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

லொறிக்கு முன்னால் கையகலத்துக்கு ஒன்றும் ஒட்டாமல் விட்டிருந்தது.

கேட்காமல் அடுத்த மேசைக்குப் போயிருக்கலாம்.

"இதில என்ன வரும்?"

"அந்தப் பிள்ளை." கீர்த்தனியின் குரல் தாழ்ந்தது. "அவவை விட்டிட்டு லொறியை மட்டும் வைக்க மனம் கேக்கேல்லை. ஆனா என்ன நிறத்தில உடுத்திருந்தா எண்டு எனக்குத் தெரியாது. இவரிட்டக் கேட்டனான். எல்லாம் ஞாபகம் இருக்காம், நிறம் மட்டும் வருகுதில்லையாம்."

"போதும் புள்ள" என்றாள் சுபைதா மெல்ல.

சுலோஜனா அலுமாரியைத் திறந்தாள். துண்டுத் துணிகள் நிறம் நிறமாக அடுக்கியிருந்தன. அவள் தேடவில்லை. கை நேரே கீழ்த்தட்டுக்குப் போய், எல்லாவற்றுக்கும் அடியில் மடித்திருந்த ஒரு துண்டை இழுத்து எடுத்தது. சட்டை தைத்ததில் மிஞ்சியது. உள்ளங்கை அளவுதான் இருக்கும்.

அதைக் கொண்டுவந்து, லொறிக்கு முன்னால் இருந்த இடத்தில் வைத்தாள்.

"கத்தரிப்பூ நிறம்."

கீர்த்தனி துணியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். "உங்களுக்கு எப்பிடி, ரீச்சர்…"

"கழுத்தில வெள்ளை நூல் வேலை" என்றாள் சுலோஜனா. "அண்டைக்குக் காலமை பிள்ளைக்கு நான்தான் அயன் பண்ணிக் குடுத்தனான்."