மழைப்பாட்டுக்கு அர்த்தம்

பாட்டுக்குள் இடி இடித்தபோது வெளியிலும் இடித்தது. பேருந்தில் இருந்த பாதிப்பேர் சிரித்துவிட்டார்கள்.

எழிலரசி சிரிக்கவில்லை. மனதுக்குள் ஒரு வாக்கியத்தைக் கோத்துக்கொண்டிருந்தாள்.

புதுச்சேரியிலிருந்து வந்து, மாலை ஐந்தே முக்காலுக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நின்று சிதம்பரம் போகும் தனியார் பேருந்து அது. டிரைவர் தேவநாதனிடம் இருந்தது ஒரே ஒரு சிடி. முழுக்க இந்தி மழைக் காதல் பாட்டுகள். தமிழ்ப் பாட்டு போட்டால் கூடவே பாடத் தோன்றுகிறது, ரோட்டில் கவனம் போய்விடுகிறது என்பது அவர் கட்சி.

ஆறு மாதத்துக்கு முன்பு ஒருநாள், எதிர்ப்பக்க சீட்டில் இருந்த தில்லைநாதன், "மேடம், உங்களுக்கு இந்தி தெரியுமா?" என்று கேட்டான். நில அளவை அலுவலகத்தில் வேலை. தினமும் அவள் ஏறும் இடத்தில் ஏறி, அவள் இறங்கும் இடத்தில் இறங்குகிறவன். அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

தெரியாது என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

"தெரியுமே" என்றாள்.

அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு இந்திச் சொல். பாரிஷ் என்றால் மழை. மிச்சத்தை அந்த மழையே பார்த்துக்கொண்டது. தில்லைநாதன் பாட்டுக்கு அர்த்தம் கேட்கக் கேட்க, இவளாக இட்டுக்கட்டினாள். பாட்டில் வருகிறவன் குடை எடுத்து வரவில்லையாம், அவன் காதலியிடம் இருக்கிறதாம், ஆனால் கொடுக்க மாட்டாளாம், கூட நடந்து வந்தால்தான் உண்டாம். இப்படித் தினம் ஒன்று. ஆலப்பாக்கத்தில் ஆரம்பித்தால் பெரியப்பட்டு வருவதற்குள் இரண்டு பேரையும் நனைத்து, சண்டை மூட்டி, சேர்த்து வைத்துவிடுவாள். தில்லைநாதன் பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி கேட்டுக்கொள்வான். கண்டக்டரும் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

இன்றைக்கு வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். இருபத்தெட்டு முடிந்துவிட்டது, இனிமேல் நொட்டை சொல்லக் கூடாது என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

புதுச்சத்திரம் தாண்டியதும் அவன் வழக்கம்போலக் கேட்டான். "இதுல என்னா சொல்றாங்க?"

எழிலரசி முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ சொல்றா... ஞாயித்துக்கெழம என்னப் பொண்ணு பாக்க வராங்க. மனசுல எதுனா இருந்தா அதுக்குள்ள சொல்லிடுங்கன்றா."

"பாட்டுல ஞாயித்துக்கெழமன்னா வருது?"

"ஆமா. மெட்டுக்காகப் போட்டிருப்பாங்க."

அவன் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மழைக்காக ஷட்டரை இறக்கி விட்டிருந்தார்கள். மூடிய ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவ்வளவுதான் என்று எழிலரசி நினைத்தாள். கை தானாகக் கம்பியை விட்டது.

பி.முட்லூரில் பேருந்து நின்றது. கடலூரில் ஏறிய வடநாட்டுக் கம்பளி வியாபாரி ஒருவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். நடுவயது. பரங்கிப்பேட்டைக்குப் போக இங்கே இறங்கி வேறு பேருந்து பிடிக்க வேண்டும் என்று கண்டக்டர் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. கொட்டுகிற மழையில் தன்னை இறக்கிவிடப் பார்க்கிறார்கள் என்று மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

கண்டக்டர் திரும்பினார். "யக்கா, உங்களுக்குத்தான் இந்தி தெரியுமே. செத்த சொல்லுங்க இவருகிட்ட."

பேருந்தே அவளைப் பார்த்தது.

எழிலரசி எழுந்தாள்.

"பாரிஷ்..." என்றாள்.

வியாபாரி வெளியே பார்த்துவிட்டு, ஆமாம் என்று பரிதாபமாகத் தலையாட்டினார்.

அப்போது தில்லைநாதன் எழுந்தான்.

அவன் வாயிலிருந்து இந்தி தடையில்லாமல் வந்தது. தட்டுத் தடுமாறிய இந்தி இல்லை. நடுவில் ஏதோ வேடிக்கையாகவும் சொல்லியிருக்க வேண்டும், அந்த மனிதர் முகம் மலர்ந்து சிரித்தார். தில்லைநாதனே மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, அவரை டீக்கடைத் தார்ப்பாயின் கீழ் நிறுத்தி, கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஓடிவந்து ஏறினான். தலையிலிருந்து கால்வரை தண்ணீர் சொட்டியது.

"எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

"நாக்பூர்ல. ரோடு போடற கம்பெனில ஆறு வருஷம் இருந்தேன். இந்த வேல கெடச்ச அப்பறந்தான் ஊருக்கு வந்தேன்."

எழிலரசிக்குக் காது மடல் சுட்டது. குடை, சண்டை, சமாதானம். ஆறு மாதம்.

"அப்ப நான் சொன்ன அர்த்தமெல்லாம்?"

"ஒண்ணுகூட சரியில்லைங்க."

"தெரிஞ்சிக்கிட்டே எதுக்குத் தெனம் தெனம் கேட்டீங்க?"

அவன் கைக்குட்டையால் தலையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான்.

"பாட்டுக்காகவா கேட்டேன்?"

பேருந்து வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியது. கீழே ஆறு செம்மண் நிறத்தில் கரைமுட்டப் போய்க்கொண்டிருந்தது. அவன் சீட்டுகளுக்கு நடுவில் இருந்த வழியைத் தாண்டி அவள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தான்.

"சனிக்கெழம சாயங்காலம் எங்க அம்மாவ அழைச்சிக்கிட்டு வரட்டுமா? ஞாயித்துக்கெழம வரைக்கும் எதுக்குப் போவணும்?"

எழிலரசிக்கு அழுகை வரும் போலிருந்தது, வந்தது சிரிப்பு. பாட்டுச் சத்தத்துக்கு மேல் அவன் காதில் விழ வேண்டுமே என்று நன்றாக உரக்கச் சொன்னாள்.

"சாயங்காலம் எதுக்கு? காலையிலயே வாங்க!"

பின்சீட்டில் யாரோ கை தட்டினார்கள்.

தேவநாதன் பாட்டை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்.